அருண் கேத்ரபால் டாங்கியை விட்டு இறங்கியிருக்கலாமா?

டிசம்பர் 8, காலை

ஒரு வாசகர் கேட்டிருப்பது, அப்படியே:

"1971 போரில் இறந்த செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபாலைப் பற்றி எல்லாரும் புல்லரித்து எழுதுகிறீர்கள். டாங்கி தீப்பிடித்துவிட்டது, விட்டுவிட்டு வா என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தும் கேட்கவில்லை. 21 வயதுப் பையனின் முரட்டுப் பிடிவாதம்தானே இது? இறங்கி வந்திருந்தால் இன்னும் 30 வருடம் ராணுவத்தில் இருந்திருப்பார். செத்ததால்தான் பெயர். இருந்திருந்தால்?"

பிடிவாதம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட முடியாது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். இரவு எழுதுகிறேன்.

டிசம்பர் 8, இரவு

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்வோம்.

1950 அக்டோபர் 14, புனேயில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் சர்கோதா. பிரிவினையில் அந்த ஊர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. கொள்ளுத்தாத்தா சீக்கியப் படையில் நின்று ஆங்கிலேயரோடு சண்டை போட்டவர். தாத்தா முதல் உலகப் போருக்குப் போனவர். அப்பா ராணுவ இன்ஜினியர், பின்னாளில் பிரிகேடியர். சனாவர் லாரன்ஸ் பள்ளியில் படிப்பு, 1967-ல் கடக்வாஸ்லா தேசிய பாதுகாப்பு அகாடமி, அப்புறம் டேராடூன் ராணுவ அகாடமி. 1971 ஜூன் 13 அன்று பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். செகண்ட் லெப்டினன்ட் என்ற பதவியே இன்று நம் ராணுவத்தில் இல்லை, நேராக லெப்டினன்ட்தான். அன்று அதுதான் முதல் படி.

இறந்தது அதே வருடம் டிசம்பர் 16. சேர்ந்து 6 மாதம் 3 நாள். நம்மில் பலருக்கு முதல் வேலையில் ப்ரொபேஷன் முடியவே இதைவிட அதிக நாள் ஆகியிருக்கும்.

போர் வரப்போகிறது என்றபோது அவர் அகமதுநகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தார். பாதியிலேயே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். வழியில் டெல்லியில் வீட்டுக்குப் போய், கோல்ஃப் மட்டைகளையும் விருந்துக்குப் போடும் நீல நிறச் சீருடையையும் எடுத்துக்கொண்டாராம். லாகூரில் கோல்ஃப் ஆடவேண்டும், ஜெயித்த பிறகு விருந்து இருக்கும், அதற்கு உடை வேண்டாமா என்று கேட்டாராம். இந்தக் கதையை எங்கே படித்தாலும் அந்த நீலச் சட்டையில் வந்து நின்றுவிடுகிறேன். யாரோ அதை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருப்பார்கள்.

பயிற்சி முடிக்காதவர்கள் சண்டைக்கு வரவேண்டாம் என்று படையின் தலைவர் ஹனுத் சிங் முதலில் மறுத்தார், இவர் மன்றாடித்தான் இடம் வாங்கினார் என்றும் சொல்வார்கள். ஆக, அனுபவம் குறைவு என்று வாசகர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

டிசம்பர் 10

நேற்று ஊருக்குப் போன் போட்டுச் சித்தப்பாவிடம் பேசினேன். அவர் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவ இன்ஜினியர் படையில் 24 வருடம் இருந்தவர். 1976-ல்தான் பெங்களூரில் சேர்ந்தார், அதனால் 71 போரில் அவர் இல்லை. ஆனால் பசந்தர் என்ற பெயரைச் சொன்னதுமே குரல் மாறிவிட்டது. "அது நம்ம ஆளுங்க பாதை போட்ட இடம்டா" என்றார்.

எனக்கு இது தெரியும், ஆனால் முதலில் எழுதத் தோன்றவில்லை. பசந்தர் என்பது பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய ஷகர்கட் பகுதியில் ஓடும் ஒரு ஆறு. டிசம்பர் 15 இரவு நம் காலாட்படை அதைக் கடந்து அந்தப் பக்கம் கால் ஊன்றியது. டாங்கிகள் போக முடியவில்லை, ஆற்றை ஒட்டி முழுக்கக் கண்ணிவெடி. அதை அகற்றிப் பாதை போட இறங்கியது 9 இன்ஜினியர் ரெஜிமென்ட். மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த படை. ராணுவத்தில் இவர்களை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். வடநாட்டு அதிகாரிகளும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

கண்ணிவெடியை எப்படி எடுப்பார்கள் என்று சித்தப்பா ஒருமுறை எங்கள் வீட்டு வாசலில் செய்தே காட்டினார். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, ஒரு கம்பியைச் சாய்வாகப் பிடித்து மண்ணுக்குள் மெல்ல நுழைத்தார். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும், சாய்வாகப் போனால் அதன் பக்கவாட்டில் தட்டும். "டொக்" என்று ஏதாவது தட்டினால் கை நின்றுவிட வேண்டும். அப்புறம் விரலால் மண்ணை ஒதுக்க வேண்டும். டாங்கிக்கு வைத்த வெடி மனிதன் மிதித்தால் பெரும்பாலும் வெடிக்காது, அதனால் அவற்றுக்கு நடுவே ஆளைக் கொல்லும் சின்ன வெடிகளையும் கலந்து வைப்பார்கள். ஒரு முழம் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "அவசரமில்லைனா நிறைய நேரம், அவசரம்னா கொஞ்ச நேரம்" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று இரவு அவசரம். பாதி வேலைதான் முடிந்திருந்தது, அந்தப் பக்கம் எதிரி டாங்கிகள் நகரும் சத்தம் கேட்கிறது, உடனே டாங்கி அனுப்புங்கள் என்று காலாட்படை கேட்டது. மீதி வெடி இருக்கட்டும் என்று பூனா ஹார்ஸ் டாங்கிகள் அப்படியே உள்ளே புகுந்தன.

டிசம்பர் 11

சண்டையைப் பற்றி.

16-ஆம் தேதி காலை 8 மணி வாக்கில், ஜர்பால் என்ற இடத்தில், புகைத்திரை போட்டுக்கொண்டு பாகிஸ்தான் டாங்கிகள் வந்தன. அமெரிக்க பேட்டன் வண்டிகள். எண்ணிக்கையில் நம்மைவிட அதிகம். நம்முடையவை பிரிட்டிஷ் செஞ்சுரியன். அங்கே இருந்த ஸ்குவாட்ரன், அதாவது நம் டாங்கிப் படையின் ஒரு பிரிவு, உதவி கேட்டது. வேறொரு ஸ்குவாட்ரனில் இருந்த அருண் வயர்லெஸ்ஸில் அதைக் கேட்டுவிட்டுத் தன் டாங்கிகளோடு கிளம்பினார். வழியில் எதிரியின் பீரங்கிக் கூடுகள் இருந்தன. அவற்றை ஏறி மிதித்து, இறங்கி, கைத்துப்பாக்கியைக் காட்டி அங்கிருந்தவர்களைப் பிடித்தார். அந்த இடத்திலேயே அவர் குழுவின் ஒரு டாங்கித் தளபதி இறந்துபோனார். நிற்காமல் மேலே போனார்.

கடைசியில் அந்த இடைவெளியில் நின்றது நம் டாங்கிகள் மூன்று. ஒன்று அடிவாங்கியது. இன்னொன்றின் பீரங்கி வேலை செய்யவில்லை. மிச்சம் அருணின் டாங்கி மட்டும். அதன் பெயர் ஃபமகுஸ்டா, சைப்ரஸில் உள்ள ஒரு துறைமுகத்தின் பெயர். அதுவும் தீப்பிடித்தது, இவருக்கும் பலத்த காயம். டாங்கியைக் கைவிடு என்று உத்தரவு வந்தது. என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, விட மாட்டேன் என்று பதில் சொன்னார்.

வாசகரே, 'பீரங்கி வேலை செய்கிறது' என்கிறார். நான் சாகத் தயார் என்றோ தாய்நாடு என்றோ அவர் பேசவில்லை. தன் வண்டியில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று கணக்குச் சொல்கிறார். முரட்டுப் பிடிவாதக்காரன் பேசுகிற பேச்சா இது?

அதற்குப் பிறகும் சுட்டார். 10 டாங்கிகளை ஒற்றை ஆளாக அழித்தார். கடைசியாக அவர் அடித்தது 100 மீட்டர் தூரத்தில் நின்றது. அப்புறம் இரண்டாவது அடி விழுந்தது.

டிசம்பர் 11, இரவு

ஒரு நண்பர் திருத்தினார், சரியான திருத்தம். 10 டாங்கிகளும் அவர் மட்டும் அடித்தவை அல்ல. அந்த மோதலில் மொத்தம் அழிந்தவை 10, அதில் அவர் தன் கையால் அழித்தவை 4 என்றுதான் அவருக்குக் கொடுத்த பரம்வீர் சக்ரா (போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருது) பட்டயம் சொல்கிறது. ஆவேசத்தில் மற்றவர்கள் செய்ததையும் இவர் கணக்கில் சேர்த்துவிட்டேன். தவறு. நான்கே போதும் அந்தப் பையனுக்கு.

டிசம்பர் 12

கேள்வி கேட்ட வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். அவர் மகன் கடக்வாஸ்லாவுக்குத் தேர்வாகிவிட்டான். இன்னும் சில வாரத்தில் கிளம்புகிறான். வீட்டுச் சுவரில் கேத்ரபாலின் படம் ஒட்டியிருக்கிறானாம். "எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால்தான் கேட்டேன்."

ஐயா, உங்களை எதிர்த்து வாதாட வந்ததுபோல் எழுதிவிட்டேன். மன்னிக்கவேண்டும். 'இருந்திருந்தால்?' என்று நீங்கள் கேட்டது எனக்கு வேறு மாதிரி காதில் விழுந்தது.

டிசம்பர் 13

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன்.

செஞ்சுரியனில் நான்கு பேர். தளபதி, சுடுகிறவர், குண்டு நிரப்பி வயர்லெஸ் பார்க்கிறவர், ஓட்டுகிறவர். விட மாட்டேன் என்று அருண் சொன்னபோது அவர் ஒருவருக்காக மட்டும் சொல்லவில்லை. வயர்லெஸ் பார்த்த சவார் (டாங்கிப் படையில் சிப்பாய்க்குச் சமமான பதவி) நந்த் சிங் அந்த டாங்கியிலேயே இறந்துபோனார். மற்ற இருவர் பிழைத்தார்கள். தீவுக்கு அருண் பெயர் இருக்கிறது (2023-ல் அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயரை வைத்தார்கள்), அகாடமி அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. நந்த் சிங்கின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இதைச் சித்தப்பாவிடம் கேட்டேன். அதிகாரி ஒரு முடிவு எடுக்கிறார், கூட இருக்கிற ஜவானுக்கு அதில் என்ன பங்கு, கோபம் வராதா என்று. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "வரும். பின்னால உக்காந்துகிட்டு முன்னால போங்கடான்னா வரும். அந்தப் பையன் மேல மூடியைத் திறந்துட்டுத் தலையை வெளிய நீட்டிட்டு நின்னவன். முதல் குண்டு அவனுக்குத்தான்."

எனக்கு இது முழுப் பதிலாகப் படவில்லை. ஆனால் இதற்குமேல் பேச எனக்கு அருகதையும் இல்லை.

டிசம்பர் 14

ஐயா, உங்கள் கேள்விக்கு என் வீட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

1987 கடைசியில் சித்தப்பாவை அமைதிப்படையோடு இலங்கைக்கு அனுப்பினார்கள். அந்தப் போரின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை, அது வேறு பெரிய பேச்சு. எனக்கு அப்போது 12 வயது. அவர் முகவரி எப்போதும் பெயர், எண், யூனிட், 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலையம். ஊர்ப் பெயரே இருக்காது. எங்கே இருக்கிறார் என்று முகவரியைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மாதம் இரண்டு கடிதம் வரும். கார்த்திகை மாதம் ஒன்றுகூட வரவில்லை.

அப்பத்தா தபால்காரரிடம் கேட்பதை நிறுத்திவிட்டது. அவர் வரும் நேரத்துக்குத் திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைக்கும். புடைத்த அரிசியையே மறுபடி புடைக்கும். அவர் சைக்கிள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனதும் முறத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விடும். இப்படி 5 வாரம். பிறகு மூன்று கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து அவனுடையதுதானா என்று மட்டும் என்னிடம் கேட்டது. ஆமாம் என்றதும் கடிதத்தைப் படிக்கக்கூடச் சொல்லவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டது.

டெல்லியில் அருணின் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் மேற்கிலும் சண்டை நின்றது. போர் முடிந்தது, பையன் வரப்போகிறான் என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். 17-ஆம் தேதியே சாம்பா அருகில் அவர் உடலை எரித்துவிட்டார்கள். வீட்டுக்குச் செய்தி தெரிந்தது 26-ஆம் தேதி. இடையில் 9 நாள். ஊரே வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்த 9 நாள்.

அந்த 9 நாளைப் பற்றி நான் வேறெதுவும் சொல்லப்போவதில்லை.

டிசம்பர் 15

"தமிழ்நாட்டுக்காரர் யாரும் இல்லையா, ஏன் வடக்கே போகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். இருக்கிறார். மேஜர் மாரியப்பன் சரவணன், ராமேஸ்வரத்தில் பிறந்தவர், பிகார் ரெஜிமென்ட். கார்கில் போரின் ஆரம்பத்தில், 1999 மே 29 அன்று, பட்டாலிக் பகுதியில் இறந்தார். வயது 26. உடலை மீட்டுக் கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீர சக்ரா கொடுத்தார்கள். திருச்சியில் நினைவிடம் இருக்கிறது, கன்டோன்மென்ட் பக்கம் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். அவருக்கென்று தனியாக ஓர் இழை எழுதவேண்டும், இங்கே நான்கு வரியில் அடைக்க மனம் வரவில்லை.

டிசம்பர் 16

இன்று அந்த நாள். அருணின் அப்பாவைப் பற்றி எழுதுகிறேன்.

2001-ல் பிரிகேடியர் கேத்ரபாலுக்கு 81 வயது. பிறந்த ஊரான சர்கோதாவை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரை வரவேற்றுத் தன் வீட்டிலேயே தங்கவைத்தவர் பிரிகேடியர் காஜா முகமது நாசர். வீட்டில் எல்லாரும் அவ்வளவு மரியாதையாக, அளவுக்கு மீறிய அன்போடு கவனித்தார்கள். ஏன் என்று இவருக்கு விளங்கவில்லை. கிளம்புவதற்கு முந்தைய இரவு நாசர் சொன்னார்: உங்கள் மகனைக் கொன்றது நான்தான்.

1971-ல் நாசர் பாகிஸ்தானின் 13 லான்ஸர்ஸ் என்ற டாங்கிப் படையில் மேஜர். ஜர்பாலில் எதிரெதிரே நின்றவர்கள் இருவரும். கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுட்டோம், நான் பிழைத்தேன் என்றார். எதிரில் நின்றது யார் என்று பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பையன் எப்படி நின்றான் என்பதைத் தகப்பனிடம் நேரில் சொல்ல 30 வருடம் காத்திருந்தார்.

இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். இளவயதில், அந்த அப்பா எப்படிக் கையை நீட்டினார், எனக்கென்றால் முடியாது என்று தோன்றும். இப்போது என் மகனுக்கு 20 வயது. இப்போது வேறு ஒன்று தோன்றுகிறது. மகனின் கடைசி நேரத்தைப் பார்த்த கண் ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது இந்த மனிதனுடையது. பட்டயம் படித்தாயிற்று, அதிகாரிகள் சொன்னதைக் கேட்டாயிற்று. எதிரில் 100 மீட்டரில் நின்றவன் சொல்வதை அதுவரை கேட்டதில்லை. அவரை விரட்டிவிட்டு அந்த அப்பா வேறு யாரிடம் போய்க் கேட்பார்?

இருவரும் ராணுவக்காரர்கள், அதனால் புரிந்துகொண்டார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். இருக்கலாம். எனக்கு அது பாதிதான் என்று படுகிறது.

டிசம்பர் 16, நள்ளிரவு

மேலே உள்ளதை மறுபடி படித்தேன். அம்மாவுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை என்பதை எழுத விட்டுவிட்டேன். லாகூர் போனது அப்பாதான்.

டிசம்பர் 19

ஐயா, உங்கள் முதல் கேள்வியை அப்படியே சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். இறங்கியிருக்கலாமா?

அவர் கேட்ட முதல் கேள்வி: "அவனுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு?"

நான் முழித்தேன். இத்தனை நாளாக அவருக்கு முன்னால் எத்தனை பேட்டன் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் ஜர்பாலில் 3 கிரெனடியர்ஸ் காலாட்படை இருந்தது. மேஜர் ஹோஷியார் சிங் அங்கேதான் நின்றார், அவருக்கும் பரம்வீர் சக்ரா, அவர் உயிரோடு திரும்பி அதை வாங்கினார். அதற்கும் பின்னால் ஆறு, ஆற்றை ஒட்டிக் கண்ணிவெடி வயல், அதில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பாதை. "அந்தப் பாதையில எங்க தம்பிங்க குப்புறப் படுத்திருந்திருப்பாங்கடா. பேட்டன் அங்க வந்தா அவங்க எங்க ஓடுவாங்க? ரெண்டு பக்கமும் வெடி."

இறங்குவதும் இறங்காததும் அவன் பாடு என்றார். பிழைத்து வந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், உத்தரவே அதுதான். ஆனால் அன்று அந்த வழியாக ஒரு டாங்கிகூட வரவில்லை.

உங்கள் மகனுக்குச் சித்தப்பா சொல்லச் சொன்ன சில விஷயங்கள்: முதல் மாதம் கால் கொப்புளிக்கும், பஞ்சு நிறைய எடுத்துப் போகட்டும். இந்தி இப்போதே பேசிப் பழகட்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் பேசட்டும், விஷயம் இல்லாவிட்டாலும் பேசட்டும். பெட்டியில் பெயரை வெள்ளைப் பெயின்டில் பெரிதாக எழுதட்டும். அவருடைய கறுப்பு இரும்புப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எண்ணும் பெயரும் பாதி உரிந்துவிட்டன. அப்பத்தா போன பிறகு அதன் சேலைகள் அதில்தான் இருக்கின்றன.

சுவரில் உள்ள படத்தை அவன் கிளம்பும்வரை எடுக்காதீர்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

டிசம்பர் 21

ஃபமகுஸ்டா என்ன ஆனது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அதை மீட்டுச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். இருப்பது அகமதுநகர், டாங்கிப் படைப் பயிற்சி மையத்தில். பயிற்சியைப் பாதியில் விட்டு அவர் கிளம்பிப்போன அதே ஊர். ஊரின் பெயர் இப்போது அகில்யாநகர்.

பிப்ரவரியில் சீரடிக்குப் போகிறோம், அங்கிருந்து பக்கம்தான். உள்ளே விடுவார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சித்தப்பாவும் வருகிறார். ரயிலுக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன்.